நூற்றில் ஏழு

வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள்தூள் கொட்டிவிட்டால் அந்த நிமிடமே ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஈரம் படாத தூளை உலர்ந்த துணியால் அள்ளி எடுத்தால் அப்படியே வந்துவிடும். சிக்கல் எண்ணெயோடு வருகிறது. தாளிப்புக் கரண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய், மீனுக்குத் தடவிய மசாலா வழிந்த இடம், ராத்திரி கழுவாமல் கிடந்த சாம்பார்க் கரண்டியின் அடி. காலையில் எழுந்து பார்த்தால் அங்கெல்லாம் மஞ்சள் வளையம். உடனே வீட்டில் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. கம்பி நார் வருகிறது, பாத்திரம் தேய்க்கும் பொடி வருகிறது, அதற்கும் அசையாவிட்டால் குளியலறையிலிருந்து ஆசிட் புட்டி வருகிறது. குவார்ட்ஸ் மேடைகளைச் சாப்பாட்டைவிட இந்தப் பதற்றமே அதிகம் கெடுக்கிறது.

ஒரு தலைமுறைக்கு முன்பு நடுத்தர வீட்டுச் சமையல் மேடை என்றால் கடப்பாக் கல். பிறகு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கறுப்பு கிரானைட் வந்தது. இரண்டும் இருண்ட நிறம். மஞ்சளோ எண்ணெயோ ஊறினாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கவலையும் இல்லை. இப்போது சென்னையைச் சுற்றி எழும் அடுக்ககங்களில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரே இல்லாமல் போய்விட்டது. வந்த விருந்தாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்பைப் பார்க்கலாம். ஒற்றை ஜன்னலில் வரும் கொஞ்ச வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கப் பரப்ப ஒரு வெள்ளைப் பரப்பு தேவைப்படுகிறது. அந்த ஆசையில் தவறொன்றும் இல்லை. கறுப்பு மேடை சுத்தமாக இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதன் அழுக்கு மறைந்திருந்தது, அவ்வளவுதான். வெள்ளையில் எறும்பு தெரியும், தலைமுடி தெரியும், காய்ந்த பால்துளி தெரியும். தெரிந்தால்தான் துடைக்கத் தோன்றும்.

ஆனால் வாங்கும்போது கடையில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் பின்னால் வரும் பதற்றத்துக்கெல்லாம் விதையாகிவிடுகிறது. “இதில் கறையே பிடிக்காது.”

அது பொய் இல்லை, பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று தெரிந்துகொண்டால் போதும். மேடையை எப்படித் துடைப்பது, எதைத் தொடவே கூடாது, எந்தக் கறைக்கு அஞ்ச வேண்டும், எதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிடலாம் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

குவார்ட்ஸ் மேடை என்று விற்கப்படுவது மலையிலிருந்து அறுத்து எடுத்த பாறை இல்லை. குவார்ட்ஸ் கல்லை உடைத்து, பரலாகவும் மாவாகவும் அரைத்து, நிறமி சேர்த்து, பாலியெஸ்டர் பிசினில் குழைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, அதிரவைத்துக்கொண்டே அழுத்தி, சூடேற்றி இறுக வைத்த பலகை அது. கடைசியில் வைரப் பட்டைகளால் மெருகேற்றுகிறார்கள். இந்த முறையை உருவாக்கியது இத்தாலியின் திரெவீசோ மாகாணத்தில் மார்செல்லோ தொஞ்செல்லி 1963இல் தொடங்கிய பிரெட்டோன் நிறுவனம். அதன் எந்திரங்களை வைத்துத்தான் உலகின் பெரிய குவார்ட்ஸ் ஆலைகள் பலவும் எழுந்தன. இஸ்ரேலின் கடலோரக் கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) ஒன்றில் 1987இல் சீசர்ஸ்டோன் நிறுவனம் பிறந்தது. ஸ்பெயினின் அல்மெரியா மாகாணத்தில் பளிங்குக்குப் பெயர்பெற்ற மக்காயெல் ஊர்க் குடும்பம் ஒன்று 1990இல் சைல்ஸ்டோன் என்ற பலகையைக் கொண்டுவந்தது. இன்று நம் பக்கத்திலேயே, விசாகப்பட்டினத்துக்கு அருகிலும் தெலங்கானாவிலும், இதே வகை ஆலைகள் ஓடுகின்றன.

பலகையின் எடையில் நூற்றுக்கு 90 முதல் 93 பங்கு குவார்ட்ஸ். மீதி ஏழோ பத்தோ பிசினும் நிறமியும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடலை; அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது மெல்லிய பாகு. இங்கும் அப்படித்தான். ஆனால் எடைக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். பிசினின் அடர்த்தி கல்லின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. ஆகவே எடையில் ஏழு பங்கு இருக்கும் பிசின், இடத்தில் ஏறக்குறைய பதினான்கு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. கையை வைத்துத் தடவிப் பார்க்கும் பரப்பில் ஏழில் ஒரு பங்கு பிளாஸ்டிக்.

கரூர்ப் பக்கத்து மேட்டுக்காடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. அரிவாள்மனையின் இரும்புக்கு அதைவிடக் குறைவு. ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைத் தவிர வேறு எந்த அமிலமும் அதை ஒன்றும் செய்துவிடாது. மஞ்சளுக்கோ காபி டிகாஷனுக்கோ அந்தப் படிகத்துக்குள் நுழைய வழியே கிடையாது. கடைக்காரர் சொல்வது கல்லைப் பொறுத்தவரை சரி. கறை பிடிக்கிறது என்றால் அது பிசினில் பிடிக்கிறது. வெப்பத்தில் கருகுவது பிசின். கம்பி நாரில் மங்குவது பிசின். வெயிலில் பழுப்பதும் பிசின். சமைப்பவரின் தொல்லைகள் முழுக்க அந்த ஏழு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. மஞ்சள்தூளில் அது சில சதவீதம்தான் இருக்கும். தண்ணீரில் அனேகமாகக் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். வெறும் மஞ்சள்தூள் துடைத்தால் போய்விடுவதும், தாளித்த எண்ணெய் கறையாக நிற்பதும் இதனால்தான். எண்ணெய் குர்குமினைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பிசினோடு ஒட்டவைக்கிறது. பிசினும் எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததுபோல நடந்துகொள்ளும் பொருள் என்பதால் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. எவ்வளவு நேரம் நெருங்கியிருந்தன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சமைத்து முடித்த கையோடு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு துடைத்தால், மேடையில் மஞ்சள் தங்கியதற்குச் சுவடே இருக்காது. ஓர் இரவு போய்விட்டால் அதே திரவம் பாதிதான் எடுக்கும்.

குர்குமினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானது. ஆலாத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவந்துவிடுகிறது அல்லவா, காரம் பட்டால் குர்குமின் சிவப்பாகும். மஞ்சள் பட்ட வேட்டியில் சோப்பு போட்டதும் சிவப்புத் திட்டு தெரிவதும் இதேதான். மேடையில் மஞ்சள் கறைமேல் சமையல் சோடாவையோ காரமான சோப்பையோ தடவியவுடன் கறையில் செம்மை ஏறும். கல்லே வெந்துவிட்டது என்று பயந்து, அடுத்த கட்டமாக எலுமிச்சையைப் பிழிவார்கள். அது மறுபடியும் மஞ்சளாகும். நிறம் மாறுகிறதே தவிர, குர்குமின் அங்கேயேதான் இருக்கிறது. பயப்பட ஏதுமில்லை, ஆனால் இந்த வழியில் அது போகவும் போகாது.

போக்குவதற்கு அது எதில் கரையுமோ அதையே கொடுக்க வேண்டும். மஞ்சள் படிந்த விரல்களில் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பிறகு சோப்பு போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் புத்தி கல்லுக்கும் பொருந்தும். ஒரு துளி எண்ணெயை மெல்லத் தேய்த்து, கறை இளகியதும் பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். அதற்கும் மிஞ்சியதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பஞ்சில் நனைத்துக் கறையின் மேல் சில நிமிடம் வைத்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் மஞ்சள் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகள் மார்க்கரால் கிறுக்கியதும் இதற்கே போய்விடும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும்.

அப்போதும் நிழலாக ஏதாவது தெரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக்கடைப் புட்டியில் பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும். சம அளவு தண்ணீர் விட்டால் 3 ஆகும். மெல்லிய காகிதத் துணியை அதில் நனைத்துக் கறைமேல் பரப்பி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, கொஞ்ச நேரம் வைக்கலாம். இருண்ட நிற மேடைகளில் இதை ஒரு மூலையில் சோதித்த பிறகே செய்ய வேண்டும், நிறமியும் வெளுக்கக்கூடும் என்பதால்.

கடைசி மருந்துக்குக் காசே வேண்டாம். குர்குமின் வெளிச்சத்தைத் தாங்காது. மஞ்சள் பட்ட துணியை வெயிலில் காயப்போட்டால் கறை தானாக மங்கிப்போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது நீல, ஊதா நிற வெளிச்சத்தை அதிகம் வாங்கிச் சிதைகிறது. அந்த வெளிச்சம் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். எனவே எல்லாம் செய்தும் போகாத மெல்லிய மஞ்சள் நிழலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னல் திரையை விலக்கிவிட்டுச் சில நாள் காத்திருப்பது நல்லது. அவசரக்காரர்களுக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை.

ஆசிட் புட்டிக்காரர்களும் பிளீச்சிங் பவுடர்க்காரர்களும் கேட்க வேண்டியது வேறு. கழிவறைக்கு ஊற்றும் அமிலமும், சாக்கடை அடைப்பு எடுக்கும் கார உப்பும், அடுப்பு சுத்தம் செய்யும் கடும் கார நுரையும் படிகத்தை ஒன்றும் செய்யாமல் பிசினையும் நிறமியையும் தாக்கும். அந்த இடம் மங்கி, சொரசொரத்து, இனி வரும் ஒவ்வொரு துளிக்கும் தங்க இடம் கொடுக்கும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனும், பெயின்ட் உரிக்கும் திரவமும் ஊறவிட்டால் பிசினை இளக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒரு மஞ்சள் வட்டத்துக்காக யாரும் அவ்வளவு தூரம் போகக் கூடாது.

தேய்க்கும் நாரிலும் இதே கணக்குதான். பச்சை நிற ஸ்கிரப்பரில் ஒட்டியிருக்கும் அலுமினா துகள்கள் குவார்ட்ஸைவிடவே கடினமானவை. பிசினை அவை எளிதாகக் கீறும். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் கறை போன இடத்தில் பளபளப்பும் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழி கிடையாது. ஆலையில் ஏற்றிய மெருகை இடத்தில் வைத்து அப்படியே பொருத்துவது தேர்ந்த கைகளுக்கும் கடினம். கம்பி நார் இன்னொரு கேட்டையும் செய்யும். உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் ஈரத்தில் துருப்பிடித்துப் புதிய செம்புள்ளிகளை உண்டாக்கும்.

எல்லாக் கறையும் கறை இல்லை. வெள்ளை மேடையில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்திருப்பதைப் பார்த்துக் கல் கீறிவிட்டது என்று மனம் நோகிறவர்கள் நிறையப் பேர். நடந்தது நேர் எதிர். அலுமினியக் குண்டானை இழுக்கும்போது, எவர்சில்வர் தட்டைத் தள்ளும்போது, கல் பாத்திரத்தைக் கீறியிருக்கிறது. பாத்திரத்தின் உலோகம் மெல்லிய பூச்சாகக் கல்மேல் படிந்திருக்கிறது. ஆக்சாலிக் அமிலம் கலந்த மென்மையான தேய்ப்புப் பசையை ஈரத் துணியில் தொட்டு லேசாகத் தடவினால் அது வந்துவிடும். இரும்பு தோசைக்கல் விட்டுச்சென்ற துருவுக்கும் இதே ஆக்சாலிக் அமிலம்தான் மருந்து. காய்ந்து இறுகிய தோசை மாவைச் சுரண்டக் கத்தியை எடுத்தால் இன்னொரு சாம்பல் கோடுதான் மிஞ்சும். காலாவதியான ஏடிஎம் அட்டை போதும்.

குழாயைச் சுற்றியும் சிங்க் ஓரத்திலும் படியும் வெள்ளைப் பொருக்குகூடக் கல்லின் நோய் இல்லை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கொண்டுவரும் கால்சியம் உப்பு அது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அதன் மேல் பாத்திர சோப்பின் படலம் சேர்ந்து இறுகும். அந்தப் படலத்தில்தான் டீயும் காபியும் வளையம் வளையமாகப் பிடிக்கின்றன. வீட்டுக்காரர் கண்ணுக்குக் கல் கறை பிடித்ததுபோலத் தெரியும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு எடுத்தால் உப்பும் படலமும் வளையமும் சேர்ந்தே போகும். பளிங்கிலும் கடப்பாக் கல்லிலும் இதைச் செய்யவே கூடாது, அவை தாமே கால்சியம் கார்பனேட்; புளித்தண்ணீர் பட்டால்கூட மங்கிவிடும். குவார்ட்ஸ் மேடையில் புளி கரைக்கலாம், எலுமிச்சை நறுக்கலாம். தமிழ்ச் சமையலுக்கு இந்தப் பலகை செய்யும் பெரிய உபகாரம் இதுதான். மஞ்சளைப் பற்றிய புலம்பலில் இது யார் காதிலும் விழுவதில்லை.

வெப்பம் மட்டும் மன்னிக்காது. 150 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பிசினுக்குத் தொல்லை தொடங்குகிறது. பிரஷர் குக்கருக்குள் இருக்கும் நீராவி 120 டிகிரி அளவில்தான் இருக்கும், ஆனால் நெருப்பில் நேராக உட்கார்ந்த அதன் அடிப்பகுதி அதற்கும் மேலே போகும். வடை பொரிக்கும் எண்ணெய் 170ஐத் தாண்டும். காய்ந்த தோசைக்கல் 200ஐத் தாண்டும். சூட்டில் பிசின் கல்லைவிடப் பல மடங்கு விரிகிறது. ஒன்று விரிய மற்றொன்று விரியாமல் நிற்க, மேடையில் வெள்ளை வட்டமோ பழுப்பு வட்டமோ விழும். சில சமயம் சிங்க் மூலையிலிருந்தோ அடுப்புக்காக வெட்டிய மூலையிலிருந்தோ விரிசல் ஓடும். இதற்கு ஸ்பிரிட்டும் இல்லை, பெராக்சைடும் இல்லை, பிசினே மாறிவிட்டது. கறுப்பு கிரானைட்டில் பழகிய கை, இடுக்கியால் தூக்கிய வாணலியை யோசிக்காமல் பக்கத்தில் இறக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் வெள்ளை மேடை கேட்கும் ஒரே பெரிய மாற்றம். மண்பானைக் காலத்து வைக்கோல் பிரிமணையோ, மரப்பலகையோ, இரும்பு முக்காலியோ, ஏதாவது ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டும். தேடி எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் சமையல் வேகத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

அடுப்பைச் சுற்றி வரும் மஞ்சள் எல்லாம் மஞ்சள் இல்லை என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. ஆண்டுக்கணக்கில் சூடு வாங்கிய பிசின் தானே பழுக்கும். நேர் வெயில் விழும் பால்கனியில் போட்ட பலகையும் அப்படித்தான். ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியில் நிறம் ஏறவே இல்லை என்றால் தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டும். அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை.

பூச்சு வேலைக்காரர்களிடமும் எச்சரிக்கை தேவை. கிரானைட்டுக்குப் பழகிய சிலர் குவார்ட்ஸுக்கும் சீலர் அடிக்கச் சொல்வார்கள். உள்ளே இறங்கத் துளைகள் இல்லாத பலகையில் அந்தச் சீலர் மேலேயே படலமாக நிற்கும். நாளடைவில் அந்தப் படலம் பழுக்கும், கறை பிடிக்கும், உரியும். மெழுகுப் பாலிஷும் அதே கதை. பலகை பொருத்தும்போது துடைக்காமல் விட்ட எபாக்சிப் பிசுக்கும், மூட்டில் வைத்த சிலிக்கானில் வளரும் கறுப்புப் பூஞ்சையும் கல்லின் கணக்கில் எழுதப்படுகின்றன. சிலிக்கானை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

குவார்ட்ஸ் என்ற பெயரில் வேறு பொருள் வந்து சேர்வதும் உண்டு. ‘நானோ ஒயிட்’ என்று கடைகளில் சொல்வது படிகமாக்கிய கண்ணாடி. ‘கம்போசிட் மார்பிள்’ பளிங்குத் துகள்களைப் பிசினில் இறுக்கியது. எலுமிச்சைக்கு அது தாங்காது. இரண்டுக்கும் இரண்டு வகைப் பராமரிப்பு. வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு, அதன் உடைந்த ஓரத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் உள்ளே கால்சியம் இருக்கிறது.

இவ்வளவையும் யாரிடம் சொல்வது என்பது ஒரு கேள்வி. பல வீடுகளில் மேடையைத் தேய்ப்பவர் அதைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு வீட்டில் கிரானைட், அடுத்த வீட்டில் டைல்ஸ், இன்னொன்றில் குவார்ட்ஸ். கையில் கொடுக்கப்படுவது ஒரே பொடி, ஒரே நார். “கறையைப் போக்கு” என்று சொல்கிறவர்கள் கல் எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை. அவர் பலம் கொடுத்துத் தேய்க்கிறார். பளபளப்பு போனதும் பழி அவர்மேல் விழுகிறது. அந்தப் பழி நியாயமற்றது. மென்துணியும் சரியான திரவமும் வாங்கி வைப்பதும், கடைக்காரர் சொன்னதையும் சொல்லாததையும் அவருக்கு விளக்குவதும் வீட்டுக்காரரின் கடமை.

மேடைக்கு முன்னால் இன்னொருவரும் நின்றிருக்கிறார். பலகையை அளந்து வெட்டி, சிங்க்குக்கு ஓட்டை போட்டு, ஓரத்தை உருட்டிக் கொடுத்தவர். சமைப்பவருக்குத் தொல்லை அந்த ஏழு பங்கு என்றால், வெட்டுபவருக்குத் தொல்லை மீதித் தொண்ணூற்று மூன்று. கறையை உள்ளே விடாத அதே படிகம் வாளின் பல்லில் பொடியாகும்போது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூசாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. கிரானைட்டில் படிகச் சிலிக்கா பாதிக்கும் குறைவு. பளிங்கில் மிகச் சொற்பம். குவார்ட்ஸ் பலகையில் தொண்ணூறுக்கு மேல். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. முற்றினால் நுரையீரலையே மாற்ற வேண்டும்.

பலகை முதலில் பரவிய இடங்களிலேயே நோயும் முதலில் தெரிந்தது. இஸ்ரேலில் நுரையீரல் மாற்றுக்காக அனுப்பப்பட்ட கல் தொழிலாளர்கள் 25 பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் 52 தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வந்தது. அவர்களுடைய இடைநிலை வயது 45, ஏறக்குறைய எல்லோரும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அதற்குள் 10 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் கலிபோர்னியா அவசர விதிகளைக் கொண்டுவந்து உலர வெட்டுவதைத் தடுத்தது. ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளைச் செய்வதையும் விற்பதையும் வெட்டுவதையும் பொருத்துவதையும் நாடு முழுக்கத் தடை செய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். படிகச் சிலிக்கா இல்லாத பலகைகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன.

சமையலறையில் உட்கார்ந்திருக்கும் பலகையால் அங்கே சமைப்பவருக்கு இந்த ஆபத்து கிடையாது. வெட்டும்போதும் மெருகேற்றும்போதும்தான் தூசு. ஆனால் நம் ஊரில் அந்த வெட்டு பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. பால்கனியில், படிக்கட்டு முகப்பில், சில சமயம் சமையலறைக்குள்ளேயே, கையில் பிடிக்கும் மார்பிள் கட்டர் வைத்து வெட்டுகிறார்கள். முகத்தில் ஒரு கைக்குட்டை. உதவியாள் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது அதிர்ஷ்டம். புதிதாகப் போட்ட பிளைவுட் அலமாரி நனைந்துவிடும் என்று, தண்ணீர் இல்லாமல் வெட்டச் சொல்லும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாக வகைப்படுத்தியது. வீடு வீடாகப் போய் வெட்டும் இந்தக் கைகள் எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் வராதவை.

இங்கே வாங்குபவரின் ஒரு சொல்லுக்குப் பலன் உண்டு. அளவெடுத்துக்கொண்டு போய், சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை, குழாய்த் துளை எல்லாவற்றையும் பட்டறையிலேயே தண்ணீர் பாயும் எந்திரத்தில் வெட்டிக் கொண்டுவரச் சொல்லலாம். நேரமும் கொஞ்சம் காசும் கூடும். இடத்தில் திருத்த வேண்டியிருந்தால் திறந்த வெளியில் தண்ணீரோடு வெட்டும்படி கேட்கலாம். வெட்டுபவருக்கும் உதவியாளுக்கும் சரியான வடிகட்டி முகமூடி இருக்கிறதா என்று பார்க்கலாம். படிந்த தூசை விளக்குமாற்றால் பெருக்கினால் மறுபடி கிளம்பும். ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டு வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. பெரும்பாலும் அது பட்டறையிலேயே கிடந்துவிடுகிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு மேடையின் அதே கல், அதே பிசின், அதே மெருகு. அதில் ஒரு மூலையில் மஞ்சள் எண்ணெய், ஒரு மூலையில் டிகாஷன், ஒரு மூலையில் மருதாணி, நடுவில் தலைச்சாயம் வைத்து ஓர் இரவு விட்டுவிடலாம். காலையில் வேலைக்கு வரும் பெண்ணும் கூட நிற்க, எது எண்ணெய்க்குப் போகிறது, எது ஸ்பிரிட்டுக்கு, எது பெராக்சைடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பச்சை நாரால் ஓர் ஓரத்தைத் தேய்த்து மெருகு எப்படி மங்குகிறது என்று விரலால் தடவிப் பார்க்கலாம். போகாத மஞ்சளை ஜன்னலோரத்தில் சாய்த்து வைக்கலாம்.